ஒரே வீடு, இரண்டு அளவு: கால் நரம்புக்காகச் சர்க்கரையை எவ்வளவு இறக்குவது?

போன மாசியில் ஒரு சாயங்காலம் ஆத்தா காலைக் கழுவிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது, வலது குதிகாலுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. சீமைக்கருவேல முள். அரை அங்குலம் உள்ளே போய் ஒடிந்திருந்தது. எப்போது தைத்தது என்று கேட்டால் ஆத்தாவுக்குத் தெரியவில்லை. கருவாடு காயப்போடும் இடத்திலிருந்து வீட்டுக்கு வரும் குறுக்குப் பாதையில்தான் தைத்திருக்க வேண்டும். அந்தப் பாதையில் ஆத்தா கடைசியாக வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாளும் அந்த முள்ளின் மேலேயே நடந்திருக்கிறார்.

அதே மாதம்தான் அண்ணனுக்கும் சுகர் என்று தெரிந்தது. வயது 43, விசைப்படகில் டிரைவர். ஒரு வருஷமாகவே ராத்திரியானால் பாதம் இரண்டும் தீயாய் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். படகில் இருந்தால் வாளியில் கடல் தண்ணியை மொண்டு காலில் ஊற்றிக்கொள்வானாம். சூட்டு உடம்பு என்று மதினி வெந்தயமும் மோரும் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெறும் வயிற்றில் 268, மூன்று மாதச் சராசரி 11.4.

மண்டபம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நான் மருந்தாளுநர். பதினோரு வருஷமாக, மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் "சுகரைக் கன்ட்ரோல்ல வச்சுக்கங்க" என்று சொல்லி வந்திருக்கிறேன். சொந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் முடிவெடுக்க வேண்டி வந்தபோதுதான், அந்த வார்த்தைக்குள் எத்தனை கேள்வி அடைந்து கிடக்கிறது என்று தெரிந்தது. எவ்வளவு இறக்குவது? எவ்வளவு வேகமாக? 71 வயது ஆத்தாவுக்கும் 43 வயது அண்ணனுக்கும் ஒரே அளவா? மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பு நான் படித்து ஒப்பிட்டு வைத்ததை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே கேள்வி இருந்தால், மருத்துவரிடம் எதைக் கேட்பது என்பதற்காவது உதவட்டும்.

முதலில் அளவு. மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி 7 என்றால், ரத்தச் சர்க்கரை சராசரியாக 154 மில்லிகிராம் இருந்திருக்கிறது என்று பொருள். 8 என்றால் 183. இறுக்கமான கட்டுப்பாடு என்றால் 7-க்குக் கீழே, சிலருக்கு 6.5 வரைக்கும் கொண்டுபோவது. தளர்வானது என்றால் 7.5-இலிருந்து 8 வரை விட்டுப்பிடிப்பது. எட்டரை, ஒன்பது என்று ஓடவிடுவதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்கவில்லை.

நரம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். இடுப்புத் தண்டுவடப் பக்கத்திலிருந்து கால் கட்டைவிரல் நுனி வரைக்கும் ஒரே நரம்பிழை ஓடுகிறது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். உடம்பிலேயே நீளமான இழை அது. அதனால்தான் சர்க்கரை முதலில் விரல் நுனியில் கைவைத்து, காலுறை போட்டதுபோல மேலே ஏறுகிறது. நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பொடிக் குழாய்களும் அடைபடுகின்றன, நரம்பிழைக்குள்ளேயும் கேடு நடக்கிறது. வலியையும் சூட்டையும் சொல்லும் மெல்லிய இழைகள் நோகும்போது எரிச்சல், குத்தல், எறும்பு ஊர்வது எல்லாம் வரும். அண்ணன் இருந்தது அந்தக் கட்டத்தில். இழைகள் செத்துப்போனால் மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பதுபோன்ற உணர்வு, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பது. ஆத்தா அங்கே போய் வருஷக்கணக்காகிவிட்டது. எரிச்சல் நின்றதும் "சரியாயிருச்சு" என்று சந்தோஷப்பட்டவர்களைக் கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இறங்காமலே எரிச்சல் மட்டும் நின்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இறுக்கினால் நரம்பு பிழைக்குமா என்ற கேள்விக்கு நேரான பதில் 1993-இல் கிடைத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகைச் சர்க்கரை நோய் (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) உள்ள 1,441 பேரை இரண்டாகப் பிரித்து, சராசரியாக ஆறரை வருஷம் கவனித்த டிசிசிடி ஆய்வு அது. ஒரு பாதிக்கு அன்றைய வழக்கப்படி இன்சுலின் ஊசி. அவர்கள் 9 பக்கம் இருந்தார்கள். மறுபாதிக்கு ஒரு நாளில் மூன்று, நான்கு ஊசி அல்லது பம்ப். அவர்கள் 7 பக்கம் இருந்தார்கள். இறுக்கிப் பிடித்தவர்களிடம் நரம்புக் கேடு 60 சதவீதம் குறைவு. எனக்கு இதைவிடப் பெரிதாகப் பட்டது, நரம்பில் மின்சைகை ஓடும் வேகத்தை அளந்து பார்த்த முடிவு. ஐந்து வருஷத்தில் ஒரு கூட்டத்துக்கு அந்த வேகம் குறைந்துகொண்டே போனது, இறுக்கிப் பிடித்தவர்களுக்கு இருந்த இடத்திலேயே நின்றது.

ஆய்வு முடிந்த பிறகு எல்லோருக்கும் இறுக்கமான முறையே கற்றுக்கொடுக்கப்பட்டது. இரண்டு கூட்டத்தின் சர்க்கரையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. ஆனாலும் பதின்மூன்று, பதினான்கு வருஷம் கழித்துப் பார்த்தபோது, முன்பு இறுக்கியிருந்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 35 சதவீதம் பேருக்கும் நரம்புக் கேடு இருந்தது. தொடக்கத்தில் பட்ட கெடுதலையும் கண்ட நன்மையையும் உடம்பு அவ்வளவு காலம் வைத்திருக்கிறது. சின்ன வயதில் முதல் வகை நோய் வந்த பிள்ளைகள் உள்ள வீட்டில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது: பள்ளிக்கூடம், விளையாட்டு, திருவிழா எல்லாவற்றுக்கும் நடுவில் எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்குங்கள். விலை ஒன்று உண்டு. டிசிசிடியில் இறுக்கமான கூட்டத்துக்கு, அடுத்தவர் உதவி தேவைப்படுகிற அளவுக்கு மோசமான லோ சுகர் மூன்று மடங்கு வந்தது.

நம் பக்கத்தில் பெரும்பாலோருக்கு இருப்பது இரண்டாம் வகை, இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாதது. ஆத்தாவுக்கும் அண்ணனுக்கும் அதுதான். இங்கே கதை அவ்வளவு நேராக இல்லை.

ஜப்பானில் குமமோட்டோவில் 110 பேரை வைத்து நடந்த ஆய்வு 1995-இல் வந்தது. பல ஊசி போட்டு 7.1-க்குக் கொண்டுவந்தவர்களுக்கு ஆறு வருஷத்தில் நரம்பின் வேகம் கூடியது, 9.4-இல் இருந்தவர்களுக்குக் குறைந்தது. ஆனால் பிரிட்டனின் யூகேபிடிஎஸ் ஆய்வில் நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட 3,867 பேரை 7.0, 7.9 என்று இரண்டு நிலையில் வைத்துப் பார்த்தபோது, கண், சிறுநீரகம் முதலான சிறு ரத்தக்குழாய்க் கோளாறுகள் மொத்தத்தில் 25 சதவீதம் குறைந்தாலும், காலில் அதிர்வு உணரும் சக்தியில் வித்தியாசம் தெரியப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

வயதானவர்களைப் பற்றிய பெரிய பாடம் 2008-இல் வந்தது. அக்கார்டு ஆய்வில் 10,251 பேர், சராசரி வயது 62, நோய் வந்து ஏறத்தாழப் பத்து வருஷம் ஆகியிருந்தது, இதயத்துக்கும் ஆபத்து இருந்தவர்கள். அவர்களில் பாதிப்பேரை 6-க்குக் கீழே கொண்டுபோக முயன்றார்கள். அந்தப் பக்கத்தில் 257 பேரும் மற்றப் பக்கத்தில் 203 பேரும் இறந்ததால் அந்த முயற்சியைப் பாதியில் நிறுத்தினார்கள். காலில் தொடுவுணர்ச்சி, கணுக்கால் அனிச்சை போன்ற சிலவற்றில் கொஞ்சம் நன்மை தெரிந்ததும் உண்மை. அட்வான்ஸ் என்ற ஆய்வில் 11,140 பேர், அமெரிக்கப் படைவீரர்களிடம் நடந்த விஏடிடியில் 1,791 பேர். இரண்டிலும் நரம்புக்கு நன்மை தெரியவில்லை. எல்லா ஆய்வுகளையும் கூட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2012-இல் சொன்னது இதுதான்: முதல் வகைக்கு நன்மை தெளிவு, இரண்டாம் வகைக்கு நன்மை சிறியது, உறுதியாகச் சொல்லும் அளவைத் தொடவில்லை.

ஏன் இந்த வேற்றுமை? இரண்டாம் வகையில் நோய் தெரிவதற்கு முன்பே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. கூடவே தொந்தி, ரத்தக் கொழுப்பு, பிரஷர், பீடி. நரம்பைத் தின்பது சர்க்கரை மட்டும் என்றால் சர்க்கரையை இறக்கினால் போதும். டென்மார்க்கில் ஸ்டெனோ-2 என்ற ஆய்வில் 160 பேருக்குச் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் சேர்த்தே இறுக்கினார்கள். இதயத்தையும் குடலையும் தானாக இயக்கும் நரம்புகளுக்கு அது நன்றாகவே உதவியது. பாத நரம்புக்கு அதிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இவ்வளவையும் படித்து முடித்தபோது எனக்குப் பிடிபட்டது, நரம்புக்காகச் சர்க்கரையை இறுக்குவதன் பலன் முழுக்க முன்பக்கத்திலேயே இருக்கிறது என்பதுதான். நோய் வந்த முதல் சில வருஷங்களில் செய்தால் அது காப்பு. இருபது வருஷம் கழித்துச் செய்தால், செத்த இழையை 6.5 என்ற எண் எழுப்பிவிடாது.

அப்படியானால் அண்ணனுக்கு உடனே ஏழுக்கு இறக்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் வேகம் என்ற கேள்வி வருகிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு மூன்று மாதச் சராசரி 13 இருந்தது. பயந்துபோய் ஊசி, மாத்திரை, பட்டினி எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கி, பத்து வாரத்தில் 8-க்கு வந்துவிட்டார். வீடே கொண்டாடியது. அடுத்த மாதம் போர்வை பட்டாலே அலறும் அளவுக்குக் காலில் எரிச்சல். ஊசிதான் காலைக் கெடுத்தது என்று சொல்லி ஊசியைத் தூக்கிப் போட்டுவிட்டார். அவருக்கு வந்தது என்னவென்று அன்றைக்கு எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

1933-லேயே காராவாட்டி என்ற மருத்துவர் எழுதிவைத்த விஷயம் அது. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை சட்டென்று இறங்கும்போது மெல்லிய நரம்பிழைகள் கடும் வலியோடு குமுறுகின்றன. நரம்புக் கோளாறுக்கு வந்தவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வந்த கட்டுரை கணக்கும் சொன்னது: மூன்று மாதத்துக்குள் எச்பிஏ1சி 2 முதல் 3 வரை இறங்கியவர்களில் 20 சதவீதம் பேருக்கு இது வருகிறது, 4-க்கு மேல் இறங்கினால் 80 சதவீதத்துக்கும் மேல். பெரும்பாலும் மாதங்கள் போக வலி தணியும். மருந்தை நிறுத்துவது தீர்வே இல்லை. கண்ணுக்கும் இதே எச்சரிக்கை உண்டு: விழித்திரையில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் வேகமான இறக்கம் அதைக் கொஞ்ச காலம் மோசமாக்கலாம். அதனால் இறக்கத் தொடங்குமுன் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது லோ சுகர். இதை நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்தேன், காரணம் கடல். ராமேஸ்வரம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் தொழிலுக்குப் போகும். காலையில் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. வலை இழுக்கிற ராத்திரியில் உடம்பு சர்க்கரையை உறிஞ்சித் தள்ளிவிடும்; சாப்பாடு நேரம் மீன் பாட்டைப் பொறுத்தது. அந்த நேரத்தில் 70-க்குக் கீழே இறங்கி டிரைவருக்குக் கை நடுங்கி, கண் இருண்டால் அது அவன் ஒருவனுடைய ஆபத்து இல்லை, படகில் இருக்கிற எல்லோருடைய ஆபத்து. எல்லா மருந்தும் இதில் ஒன்றல்ல. மெட்ஃபார்மினும் கிளிப்டின் வகையும் தனியாகக் கொடுத்தால் லோ சுகர் வருவது அபூர்வம். இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் கொண்டுவரும். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் புது மாத்திரைகள் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை; வெயிலில் தண்ணி குறைவாகக் குடிக்கும் கடல் வேலைக்கு அவை சரிவருமா என்று மருத்துவரிடம் தனியாகவே கேட்க வேண்டும்.

ஆத்தாவுக்கு இதே ஆபத்து வேறு வழியாக வருகிறது. வியர்வையும் படபடப்பும் லோ சுகரின் எச்சரிக்கை மணி. தானியங்கி நரம்புகள் கெட்டவர்களுக்கு அந்த மணி சரியாக அடிக்காது, நேராக மயக்கம்தான். ஆத்தா பாயிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படுத்தும் நின்றும் பிரஷர் பார்த்தோம், நின்றபோது இருபதுக்கு மேல் இறங்கியது. இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று எந்த நரம்பைக் காட்டிச் சொல்கிறோமோ, அந்த நரம்பே கெட்டிருக்கும்போது இறுக்குவது ஆபத்தாகிறது.

செலவும் கணக்குதான். ஸ்ட்ரிப் ஒன்றுக்கு இருபது ரூபாய் வைத்து, ஒரு நாளைக்கு நான்கு தடவை குத்திப் பார்த்தால் மாதம் 2,400 ரூபாய். அளந்து பார்க்க வசதி இல்லாத வீட்டில் பல ஊசி போட்டு இறுக்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு படகு ஓட்டுவதுதான். மாத்திரைக்குச் செலவு இல்லை: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆத்தாவுக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறது.

இவ்வளவும் எழுதிய தாளோடு போய் மருத்துவர் முன்னால் உட்கார்ந்தோம். பொறுமையாகக் கேட்டார்.

அண்ணனுக்கு இலக்கு 7, ஆனால் பத்து மாதத்தில். வயது குறைவு, நோய் தெரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, இழைகள் இன்னும் எரிகின்றன, அதாவது உயிரோடு இருக்கின்றன. மூன்று மாதத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் இறக்குவதில்லை என்று பேசிக்கொண்டோம். முதலில் மெட்ஃபார்மின், நடையும் சோற்று அளவும். பிறகு ராத்திரி ஒரு நேர ஊசி. ஊசி அளவை ஏற்றி இறக்கிச் சரிசெய்யும் வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் அண்ணன் கரையில் இருப்பான்; சாப்பாடும் தூக்கமும் ஒரு நேரத்தில் நடக்கும்; குத்திப் பார்க்க மதினி பக்கத்தில் இருப்பார். இந்த யோசனையை முதலில் சொன்னது மதினிதான். கடலில் வேலை பார்ப்பவர்கள் உள்ள எந்த வீட்டுக்கும் இதைச் சொல்வேன். ஆனால் நோய் தெரிந்த நாளிலிருந்து தடைக்காலம் வரைக்கும் ஒன்றுமே செய்யாமல் காத்திருக்கக் கூடாது.

தொழிலுக்குப் போகும் நாளில் ஊசி அளவைக் குறைத்துக்கொள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடி. தலை கிறங்கினால் மூன்று தேக்கரண்டி, கால் மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும். பனங்கற்கண்டு கரைய நேரமாகும், அதனால் வேண்டாம். (கருப்பட்டிக் காப்பி சுகருக்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.) ஊசி மருந்தை மீன் ஐஸின் மேல் நேராக வைத்தால் உறைந்து வீணாகிவிடும், எஞ்சின் பக்கம் வைத்தாலும் கெட்டுவிடும். ஈரத்துணி சுற்றிய மண்கலயத்தில் நிழலில் வைக்கிறான்.

ஆத்தாவுக்கு 7.5-இலிருந்து 8. அப்போது 6.9-இல் இருந்தார், "சூப்பரா இருக்கு" என்று நானே பாராட்டியிருக்கிறேன். ராத்திரி போட்டுக்கொண்டிருந்த கிளிமிபிரைடை மருத்துவர் நிறுத்தினார். பதினேழு வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்பதால் பி12 பார்க்கச் சொன்னார். அந்த மாத்திரை நெடுங்காலத்தில் பி12-ஐக் குறைக்கும், அந்தக் குறைவும் இதே மாதிரி மதமதப்பைத் தரும். தினம் மீன் சாப்பிடுகிற வீடு, குறையாது என்று நினைத்தேன். குறைந்திருந்தது. இப்போது அதற்கும் ஊசி போடுகிறோம்.

சர்க்கரையில் விட்ட இறுக்கத்தைப் பாதத்தில் பிடித்துக்கொண்டோம். ஆத்தாவுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாதுகாப்பு அங்கேதான் இருக்கிறது என்று நான் முழுமனதாக நம்புகிறேன். வெறுங்காலோடு கருவாட்டு மணலில் இறங்குவது நின்றது. மத்தியான மணல் சுட்டாலும் அவருக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) வாங்கினோம். குதிகாலுக்குப் பட்டை இல்லாத செருப்பு அவருக்கு ஆகாது, கழன்றால் தெரியாதே.

வீட்டில் கருவி இல்லாமலே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளில் ஓரிரு வினாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால்களுக்கு ஆபத்து இருக்கிறது, மருத்துவரிடம் நரம்பு பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டும், அதிரும் இசைக்கவையை விரல் எலும்பில் வைத்தும் பார்ப்பார்கள். ஆத்தா ஆறில் ஒன்றை மட்டும் சொன்னார். அண்ணன் ஆறும் சொன்னான்.

அண்ணனின் எண்கள் மாசியில் 11.4, வைகாசியில் 9.6, ஆவணியில் 8.1, கார்த்திகையில் 7.2. நடுவில் ஆனி மாதம் எரிச்சல் கொஞ்சம் கூடியது. முன்கூட்டியே தெரிந்திருந்ததால் ஊசியை நிறுத்தவில்லை, மருத்துவர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை சேர்த்தார். ஐப்பசியிலிருந்து படகில் காலில் தண்ணி ஊற்றவில்லையாம். ஆத்தா 7.7-இல் இருக்கிறார், தலைச்சுற்றல் குறைந்திருக்கிறது, கால் மதமதப்பு அப்படியேதான். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மதினி டார்ச்சையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்து, ஆத்தாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "என்னத்தா தேடுற, முத்தா?" என்று ஆத்தா கேட்பார். போன வாரம் இடது பாதத்தில் ஒரு மீன் செதில் குத்தி நின்றிருந்தது. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.